எந்த வேலி

நேற்று விடியற்காலை
சந்தனமேரி என்னை எழுப்பவில்லை,
உலுக்கினாள்.
"வெடிச்சிருச்சு" என்றாள்.
காஸ் சிலிண்டர் என்று நினைத்துச்
சாரத்தை இறுக்கிக்கொண்டு ஓடினேன்.

ரோசா.

அக்கரப்பத்தனைக் குளிரில்
தண்ணீர்ப் பீப்பாய்க்கும் கோழிக்கூண்டுக்கும் நடுவே
ஏழு செடி எங்களுக்கு.
மூன்று, டீமேக்கர் பங்களாவில் வெட்டி எறிந்த குச்சி.
இரண்டு, வெலிமடைச் சந்தையில் விலைக்கு வாங்கியது.
ஒன்று, கிளினிக் மிஸ்ஸி தந்தது.
ஏழாவது எப்படி வந்தது என்று
இருவருமே சொல்வதில்லை.

பூத்தது அந்த ஏழாவது.

மார்கழிக் கடைசியில்
கவ்வாத்துக் கத்தியோடு அதன் முன் குந்தியபோது
கை நடுங்கியது எனக்கு.
இருபத்திரண்டு வருசம்,
நாளைக்கு இருநூறு மரம் என்று
இடுப்பளவுத் தேயிலையை முழங்காலுக்கு இறக்கிய கை.
தேயிலையை நான் வெட்டுவது
அது பூக்காமல் இருக்க.
எங்கள் மலையில் பூ என்றால்
கவனிக்க ஆளில்லாத நம்பர் என்று அர்த்தம்.
இங்கேயோ
அதே கத்தி, அதே சாய்வு,
கண்ணுக்குக் கால் அங்குலம் மேலே,
பூக்கட்டும் என்று வெட்ட வேண்டும்.
கத்திக்குச் சொல்லிப் புரியவைக்க முடியுமா?

தை பிறந்து நாலாம் நாள் பனி கொட்டியது.
விடிந்தபோது புல்லெல்லாம் உப்பு.
பணியக்கணக்குத் தேயிலை
தீப்பட்டதுபோல் கருகிக் கிடந்தது.
அவள் முந்தின இரவே
உரப்பைகளைக் கிழித்து
ஒவ்வொரு செடிக்கும் போர்த்தியிருந்தாள்.
"எனக்குப் போர்வை?" என்றேன்.
"நீங்க என்ன, துளிரா விடப் போறீங்க?"

மாசியில் துளிர் வந்தது, சிவப்பாக,
கொழுந்தைவிடச் சன்னமாக.
அதில்தான் சங்கடம்.
பதினெட்டுக் கிலோவுக்குப் பழகிய விரல்
குவைத்து அக்காவோடு போனில் பேசிக்கொண்டே
ரெண்டு இலை ஒரு அரும்பு என்று
நறுக்கென்று கிள்ளிவிட்டது.
கையில் கிடந்ததைப் பார்த்தாள்.
"ஏன்டி அழுற?" என்றது போன்.
அழவில்லை, சிரித்தாள்.
அதன் பிறகு செடிப் பக்கம் போகும்போதெல்லாம்
கையைப் பின்னால் கட்டிக்கொண்டே நடந்தாள்,
பெரட்டுக்கு வந்த தொரை மாதிரி.

சரி, பூ.
காலண்டரில் இருப்பதுபோல் இல்லை.
வெளி இதழ் ஒன்றில் பூச்சி அரித்த ஓட்டை.
நிறத்தைச் சிவப்பு என்று சொல்ல முடியாது;
பீட்ரூட் அவித்த தண்ணீரில்
பால் கொஞ்சம் சிந்தினால் வருமே, அது.
நடு இன்னும் கோவாக் குருத்துபோல் இறுகியிருந்தது.
மணம் பார்க்கக் குனிந்தேன்.
முதலில் வந்தது கோழிக்கூண்டுதான்.
கொஞ்சம் பொறுத்தேன்.
வந்தது.

முதல் பூ மாதாவுக்கு என்று நேர்ந்திருந்தாள்.
இதுவோ தவக்காலம்,
பீடத்தில் பூ வைக்கமாட்டார்கள்.
பாஸ்காவுக்கு இன்னும் முப்பத்திரண்டு நாள்.
அந்த ஏழாவது செடியின் பூ
மாதாவுக்கு ஆகுமா என்று
நான் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை.
தவக்காலம் எங்களைக் காப்பாற்றியது.
தலையில் வையேன் என்றேன்.
"கூடைக் கயிறு நசுக்கிரும்."

ஆக, யாருக்கும் இல்லாமல்
செடியிலேயே நிற்கிறது.
எங்கள் வாசலில் ஒரு பொருள்
தராசில் ஏறாமல் நிற்பது
இதுதான் முதல் தடவை.

இன்று ஒன்பதாம் நம்பரில் கவ்வாத்து.
ஒரு மரத்தின் அடிக்கிளையில்,
இலை மறைவில், தேயிலைப் பூ.
வெள்ளை. நடுவே மஞ்சள்.
எத்தனை ஆயிரம் வெட்டியிருப்பேன்,
ஒன்றின் முகமும் ஞாபகமில்லை.
ஓங்கிய கை நின்றது.
கங்காணி இருமினார்.
வெட்டினேன்.
இருநூறு என்றால் இருநூறுதான்.

சாயங்காலம்
துவைக்க எடுத்த சட்டையை அவள் உதறியபோது
பையிலிருந்து அது விழுந்தது,
கொஞ்சம் நசுங்கி.
எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.
"இது எந்த வேலியில?" என்றாள்.